மோட்டார் கண்ட்ரோல் பேனல்: விலைப்பட்டியலுக்கு முன் ஒப்பிட வேண்டியவை

ஒரே மோட்டார் பட்டியலை இரண்டு பேனல் தயாரிப்பாளர்களிடம் கொடுத்து விலை கேட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதில் பாதி விலைக்கு வந்தாலும் வியப்பதற்கில்லை. இரண்டிலும் அதே கிலோவாட், அதே எண்ணிக்கையில் ஸ்டார்ட்டர்கள், ஏறக்குறைய அதே அளவுப் பெட்டி. வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட் தாங்குதிறன், அதாவது ஷார்ட் ஆனால் எவ்வளவு மின்னோட்டம் வரை பேனல் தாங்கும் என்ற ஒற்றை வரியில் இருக்கும். மலிவான பட்டியலில் அந்த வரியே இருக்காது.

பேனல் வடிவமைப்பைப் பற்றிய பேச்சு வழக்கமாக ஸ்டார்ட்டரில்தான் தொடங்குகிறது: மோட்டாரை நேராக மின்சாரத்தோடு இணைக்கும் டி.ஓ.எல். போதுமா, சுருள்களின் இணைப்பை மாற்றிக் குறைந்த மின்னோட்டத்தில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா வேண்டுமா, வேகத்தையே மாற்றும் மின்னணு டிரைவான வி.எஃப்.டி.க்குப் போய்விடலாமா என்று. நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன். பேனல் நிற்கப்போகும் இடத்தில் எவ்வளவு பழுது மின்னோட்டம் (ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டம்) வரக்கூடும் என்று தெரியாமல் உள்ளே இருக்கும் எந்தக் கருவியையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

ஒரு பேனலை எடுத்துக்கொள்வோம். 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உள்ளே மூன்று மோட்டார்களுக்கான கட்டுப்பாடு: 5.5 கிலோவாட் கன்வேயர், 30 கிலோவாட் பம்ப், கனமான சக்கரம் கொண்ட 37 கிலோவாட் விசிறி. முழுச்சுமை மின்னோட்டம் முறையே ஏறத்தாழ 11, 55, 67 ஆம்பியர். ஊட்டுவது 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் (உள்தடை) 6 சதவீதம்.

டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை மின்னோட்டம் 1443 ஆம்பியர். அதை 0.06 ஆல் வகுத்தால் 24 கிலோ ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே ஷார்ட் ஆனால் பாயக்கூடியது இவ்வளவு. அங்கிருந்து 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 30 மீட்டர் தள்ளி நம் பேனல் நின்றால், கேபிளின் தடை சேர்ந்து அது சுமார் 15 கிலோ ஆம்பியராகக் குறைகிறது. அதே தூரத்தில் 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு சிறிய பேனல் இருந்தால் வெறும் 6 கிலோ ஆம்பியர்தான். ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே தூரம், ஆனால் இரண்டு பேனல்களுக்கும் தேவைப்படும் பொருட்கள் வெவ்வேறு. இந்தக் கணக்கைப் போட அரைமணி நேரம் ஆகாது. அதைப் போடாமல் எல்லாவற்றுக்கும் 50 கிலோ ஆம்பியர் என்று எழுதிக் கேட்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு வகைச் சோம்பல்தான், காசு அதிகம் ஆகும் சோம்பல்.

ஐஇசியா, யுஎல்லா?

இயந்திரம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் விதி, இதில் தேர்வு ஏது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இயந்திரங்களை வெவ்வேறு சந்தைகளுக்கு விற்பவர், ஒரே வடிவமைப்பை இரண்டுக்கும் பொருத்தலாமா என்று யோசிக்கும் இடத்தில் இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது. சர்வதேசத் தரநிலையான ஐஇசி, அமெரிக்கச் சந்தையின் தரநிலையான யுஎல் இரண்டும் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கின்றன.

ஐஇசி 61439, பேனலை முழு அமைப்பாகப் பார்க்கிறது. வடிவமைப்புச் சரிபார்ப்பு ஒன்று, தயாரான ஒவ்வொரு பேனலுக்கும் செய்யும் வழக்கமான சரிபார்ப்பு இன்னொன்று. முந்தையதைச் சோதனை மூலமும் செய்யலாம், சோதிக்கப்பட்ட வடிவமைப்போடு ஒப்பிட்டும் செய்யலாம், கணக்கிட்டும் செய்யலாம். எந்தப் பண்புக்கு எந்த வழி செல்லும் என்பதைத் தரநிலையே சொல்கிறது. பழுது மின்னோட்டம் 10 கிலோ ஆம்பியருக்கு மேற்படாத இடங்களில் ஷார்ட் சர்க்யூட் சரிபார்ப்பிலிருந்து விலக்கு உண்டு. முன்னால் இருக்கும் மின்னோட்டக் கட்டுப்படுத்தும் கருவி உச்சத்தை 17 கிலோ ஆம்பியருக்குள் வெட்டிவிட்டாலும் விலக்கு உண்டு. மேலே சொன்ன 6 கிலோ ஆம்பியர் பேனல் இந்த விலக்கில் நிம்மதியாக உட்கார்ந்துவிடும். நம் 15 கிலோ ஆம்பியர் பேனலுக்கு ஒன்று நல்ல ஃபியூஸ் வேண்டும், அல்லது சோதனை ஆவணம் வேண்டும்.

யுஎல் 508ஏ வேறு வழியில் நடக்கிறது. அதன் எஸ்பி துணைப்பகுதி, பவர் சுற்றிலுள்ள ஒவ்வொரு பொருளின் தாங்குதிறனையும் எடுத்து, மிகக் குறைந்ததைப் பேனலின் தாங்குதிறனாக வைக்கச் சொல்கிறது. பொருளில் தாங்குதிறன் குறிக்கப்படவில்லை என்றால் அட்டவணையில் உள்ள இயல்பு மதிப்பே கிடைக்கும்: 50 குதிரைத்திறன் வரையான மோட்டார் கண்ட்ரோலருக்கு 5 கிலோ ஆம்பியர், டெர்மினல் பிளாக்குக்கு 10. நம் 30 கிலோவாட் பம்ப் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். ஆக, மற்றதெல்லாம் 65 கிலோ ஆம்பியர் தாங்கினாலும், பாதுகாப்புக் கருவியோடு சேர்த்துச் சோதிக்கப்படாமல் பொருத்திய ஒரு கான்டாக்டர் (மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்ச்) முழுப் பேனலையும் 5 கிலோ ஆம்பியருக்கு இறக்கிவிடும். அந்த எண் பெயர்ப்பலகையில் பொறிக்கப்பட வேண்டும். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 409ஆம் பிரிவு, அதைவிடக் கூடுதல் பழுது மின்னோட்டம் உள்ள இடத்தில் பேனலை நிறுவக் கூடாது என்கிறது. ஆய்வாளர் வந்து பார்க்கும் முதல் இடம் அந்தப் பலகைதான்.

இந்தப் பக்கத்தில் பலரும் சறுக்கும் ஓரிடம் உண்டு. பேனலுக்குள் டின் ரயில் எனும் உலோகப் பட்டையில் மாட்டும் சின்ன பிரேக்கர்களில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஒன்று யுஎல் 489 படி கிளைச் சுற்றைக் காக்கும் உண்மையான பிரேக்கர். மற்றது யுஎல் 1077 படி வெறும் துணைப் பாதுகாப்புக் கருவி. அகலம், நிறம், நெம்புகோல் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்; இயல்பு மதிப்போ இரண்டாவதற்கு 200 ஆம்பியர்தான். ஆயிரத்தில் அல்ல, நூற்றில். கண்ட்ரோல் சுற்றுக்கு அது போதும், மோட்டார் கிளைக்கு ஒருபோதும் ஆகாது.

இரண்டு சந்தைக்கும் ஒரே பேனல் என்ற ஆசை இருந்தால், யுஎல் படி தொடங்கி ஐஇசிக்குப் பொருத்துவது எளிது. மறுபக்கத்திலிருந்து வருவது கடினம். கம்பிகளின் நிறம், இடைவெளிகள், கருவிகளை யுஎல் பட்டியலிட்டதற்கான முத்திரை என ஒவ்வொன்றாகப் பின்னால் இடிக்கும்.

ஃபியூஸ், எம்.சி.சி.பி., எம்.பி.சி.பி.

ஒப்பீட்டில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முதலில், ஒருங்கிணைப்பு என்று ஐஇசி 60947-4-1 சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் கான்டாக்டரும் ஓவர்லோட் ரிலேயும் (அதிகச் சுமையை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் கருவி) சேர்ந்தே சோதிக்கப்படுகின்றன. வகை 1 என்றால், ஷார்ட் ஆனபோது ஆட்களுக்கோ நிறுவலுக்கோ ஆபத்து நேராது, ஆனால் ஸ்டார்ட்டர் உருப்படாமல் போகலாம். வகை 2 என்றால், ஆபத்தும் நேராது, ஸ்டார்ட்டரையும் தொடர்ந்து பயன்படுத்தலாம். கான்டாக்ட் முனைகள் லேசாக ஒட்டிக்கொண்டால் எளிதில் பிரித்துவிடலாம். இரண்டும் பாதுகாப்பானவை. விற்பனையாளர் வகை 2 மட்டுமே பாதுகாப்பு என்று சொன்னால் அது விற்பனைப் பேச்சு. வகை 1, பழுதுக்குப் பின் உங்கள் உற்பத்தியைத்தான் நிறுத்தி வைக்கும், ஆளை ஒன்றும் செய்யாது. அரைநாள் நின்றால் பெரிய இழப்பில்லாத கன்வேயருக்கு வகை 1 போதும். நின்றால் தொட்டி நிரம்பி வழியும் பம்புக்கு வகை 2 கேளுங்கள்.

ஃபியூஸ் பழைய கருவி என்ற அலட்சியம் பரவலாக இருக்கிறது. பழுது மின்னோட்டம் அதிகமுள்ள இடத்தில் அதற்கு நிகர் குறைவு. மின்னோட்டம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே, முதல் அரைச்சுற்றுக்குள் உருகித் துண்டித்துவிடும். பின்னால் உள்ள கான்டாக்டர் பார்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. வகை 2 ஒருங்கிணைப்பு ஃபியூஸோடு எளிதாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. குறைகளும் நேரானவை. மூன்றில் ஒன்று மட்டும் போனால் மோட்டார் இரண்டு கட்டத்தில் (ஃபேஸில்) உறுமிக்கொண்டு நிற்கும். எனவே கட்ட இழப்பை உணரும் ஓவர்லோட் ரிலே கட்டாயம். இரவுப் பணியில் சரியான ஃபியூஸ் கையிருப்பில் இல்லையென்றால், பொருந்துகிற ஏதோ ஒன்றை மாட்டிவிடுவார்கள். அந்த நொடியில் எல்லா ஒருங்கிணைப்பும் காகிதத்தில் மட்டுமே.

எம்.சி.சி.பி. எனும் வார்ப்பு உடல் பிரேக்கர் மூன்று கட்டத்தையும் ஒருசேரத் திறக்கும், மறுபடி தூக்கிவிடலாம். தூக்கிவிடலாம் என்பதே அதன் பலவீனமும்: காரணம் தேடாமல் தூக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பழுதின்போது அது கடந்துபோக விடும் ஆற்றல் ஃபியூஸைவிட அதிகம் என்பதால் அதே வகை 2-க்கு ஒரு படி பெரிய கான்டாக்டர் தேவைப்படலாம். வாங்கும்போது ஐசியூ மதிப்பை மட்டும் பார்க்காமல் ஐசிஎஸ் மதிப்பையும் பாருங்கள். முந்தையது கடைசியாக ஒருமுறை துண்டிக்கும் திறன், பிந்தையது துண்டித்த பிறகும் வேலை செய்யும் திறன்.

எம்.பி.சி.பி. எனும் மோட்டார் பாதுகாப்பு பிரேக்கர் சிறிய மோட்டார்களுக்கு என் விருப்பம். ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோட், கட்ட இழப்பு மூன்றையும் ஒரே உடலில் பார்க்கிறது. நம் 11 ஆம்பியர் கன்வேயருக்கு வேறெதுவும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் துண்டிப்புத் திறன் ஒவ்வொரு ஆம்பியர் அமைப்புக்கும் மாறும். சிறிய அமைப்பில் 100 கிலோ ஆம்பியர் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதே குடும்பத்தின் பெரிய அமைப்பில் அது வெகுவாகக் குறைந்திருக்கும். உங்கள் ஆம்பியருக்கு நேரே உள்ள வரியைப் படிக்க வேண்டும். அமெரிக்கச் சந்தையில் அதையே வகை இ (தன்னைத்தானே காக்கும் கூட்டு மோட்டார் கண்ட்ரோலர்) என்று பயன்படுத்த, வரும் பக்கத்து முனையில் இடைவெளியைக் கூட்டும் தனித் துண்டு ஒன்றை மாட்ட வேண்டும். அதன் மின்னழுத்தக் குறிப்பு 480ஒய்/277 என்று சாய்கோட்டுடன் இருந்தால், நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்ட அமைப்பில் மட்டுமே செல்லும்.

நம் விசிறிக்கு எம்.பி.சி.பி. வேண்டாம் என்பேன். கனமான சக்கரம் வேகம் பிடிக்க 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான எம்.பி.சி.பி.க்கள் ட்ரிப் வகுப்பு 10. அமைத்த மின்னோட்டத்தின் 7.2 மடங்கில் அதிகபட்சம் 10 விநாடி பொறுக்கும். மோட்டார் கிளம்பும் முன்பே விழுந்துவிடும். உடனே யாராவது டயலைக் கூட்டி வைப்பார்கள். அதோடு அந்த மோட்டாருக்கு ஓவர்லோட் பாதுகாப்பு போயிற்று. இங்கே வகுப்பு 20 அல்லது 30 ரிலே தனியாக வேண்டும். அந்தக் கூடுதல் விநாடிகளைக் கான்டாக்டரும் கேபிளும் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

இனி ஸ்டார்ட்டர்

டி.ஓ.எல்.தான் எல்லாவற்றிலும் எளிது. 6 முதல் 8 மடங்கு மின்னோட்டத்தை வலைப்பின்னல் தாங்கும், சுமையின் இயந்திரப் பாகங்களும் தாங்கும் என்றால் அதைவிட நல்லது இல்லை. கிலோவாட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஸ்டார்-டெல்டாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காக்குகிறது என்பார்கள். முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. சுமையுடன் கிளம்ப வேண்டிய மோட்டார் ஸ்டாரில் முழு வேகத்தை எட்டாது. பாதி வழியில் டெல்டாவுக்கு மாறும்போது, ஒரு கணம் துண்டிக்கப்பட்ட மோட்டாரின் எஞ்சிய மின்னழுத்தம் வரும் மின்னழுத்தத்துக்கு எதிர்க்கட்டத்தில் அகப்பட்டால், எழும் உச்சம் டி.ஓ.எல். உச்சத்தையே தாண்டலாம். எதற்காகச் செலவு செய்தோமோ அது கைகூடவில்லை. தவிர மூன்று கான்டாக்டர், மோட்டாருக்கு ஆறு கம்பி. பெயர்ப்பலகையில் 400/690 என்று இருந்தால்தான் 400 வோல்ட்டில் இதைச் செய்யலாம். 230/400 மோட்டாரை இதில் மாட்டினால் டெல்டாவுக்கு மாறியதும் சுருள் கருகும்.

இதில் அடிக்கடி காணப்படும் ஒரு தவறு டயலில் இருக்கிறது. ஓவர்லோட் ரிலே பெரும்பாலும் சுருளுக்கான கம்பியில்தான் பொருத்தப்படும். அங்கே ஓடுவது முழு மின்னோட்டம் அல்ல, அதன் 0.58 பங்கு. நம் 55 ஆம்பியர் பம்புக்கு டயல் 32இல் நிற்க வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்து 55இல் திருப்பி வைத்த ரிலே, மோட்டார் கருகும் வரை அமைதியாக இருக்கும்.

தைரிஸ்டர் மூலம் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பம்புக்கு நன்றாகப் பொருந்தும். நிறுத்தும்போதும் மெதுவாக இறக்குவதால் குழாயில் நீர் அடிப்பது குறையும். முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கமாகக் குறைகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது: பாதி மின்னழுத்தத்தில் கால் பங்கு முறுக்குவிசைதான். பாதுகாப்புக் கோணத்தில் பார்த்தால், தைரிஸ்டர் மின்சாரத்தைத் தடுக்குமே தவிரப் பிரித்து வைக்காது. பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் பழுதாகும். அதனால் முன்னால் ஒரு கான்டாக்டர் இல்லாத சாஃப்ட் ஸ்டார்ட்டரை நான் ஏற்க மாட்டேன். வகை 2 வேண்டுமென்றால் தைரிஸ்டரைக் காக்கும் அதிவேக ஃபியூஸும் சேரும்.

விசிறிக்கு வி.எஃப்.டி. என்பதில் எனக்கு ஐயமில்லை. வேகத்தை மாற்றவே போவதில்லை என்றாலும்கூட, கனமான சக்கரத்தைக் குறைந்த மின்னோட்டத்தில், தேவையான நேரம் எடுத்துக்கொண்டு கிளப்ப அதைவிட வழியில்லை. ஆனால் அது பேனலுக்குள் பல புதிய கடமைகளைக் கொண்டுவருகிறது. மோட்டார் கேபிள் கவசமுள்ளதாக இருக்க வேண்டும், கவசம் சுற்றிலும் கவ்வப்பட வேண்டும். முறுக்கி ஒரு வால் விட்டு எர்த் செய்வது இங்கே உதவாது. கசிவு மின்னோட்டத்தில் நேர்மின்னோட்டமும் கலக்கும் என்பதால், முன்னால் கசிவுப் பாதுகாப்பு வைத்தால் பி வகை வேண்டும். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை கதவில் தெரிய வேண்டும். டிரைவின் ஷார்ட் சர்க்யூட் தாங்குதிறனும் தனியாக இல்லை. கையேட்டில் சொன்ன அதே ஃபியூஸை அல்லது பிரேக்கரை முன்னால் வைத்தால்தான் அந்த எண் செல்லும்.

அடுத்தது வெப்பம். 37 கிலோவாட் டிரைவ் ஏறத்தாழ 3 சதவீதத்தை வெப்பமாக்குகிறது என்று வைத்தால் சுமார் 1100 வாட். சுவரை ஒட்டி நிற்கும் 2000 உயரம், 800 அகலம், 600 ஆழ மில்லிமீட்டர் எஃகுப் பெட்டிக்கு வெப்பம் விடும் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். வண்ணம் பூசிய எஃகு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 5.5 வாட் அளவில் விடும். ஆக 10 டிகிரி ஏற்றத்துக்கு 280 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 1100 வாட்டுக்கு உள்ளே ஏறத்தாழ 40 டிகிரி ஏறும். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 80. எந்த டிரைவும் அதில் பிழைக்காது. வடிகட்டியுடன் விசிறி வைத்தால் தூசி, நீர் தடுப்பில் ஐபி 54 என்ற அளவு வரை சமாளிக்கலாம். தூசியும் நீரும் கடுமையான இடத்தில் டிரைவின் வெப்பத்தகட்டைப் பெட்டிக்கு வெளியே தள்ளி மாட்டுவது, குளிரூட்டியைச் சுமப்பதைவிட நல்லது. கணக்கு மூலம் வெப்பச் சரிபார்ப்பு செய்தால், ஐஇசி 61439 கருவிகளை அவற்றின் மதிப்பில் 80 சதவீதத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது. மலிவான விலைப்பட்டியலில் இந்த 20 சதவீதமும் காணாமல் போயிருக்கும்.

கண்ட்ரோல் சுற்றும் நிறுத்தமும்

230 வோல்ட் ஏசியா, 24 வோல்ட் டிசியா என்பதில் 24-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். தொட்டாலும் ஆபத்து குறைவு, பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுக் கணினியோடும் உணரிகளோடும் ஒத்துப்போகும். 230இல் இன்னொரு வில்லங்கம் உண்டு: நிறுத்து பொத்தான் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருந்தால், கேபிளின் மின்தேக்கம் வழியாகக் கசியும் மின்னோட்டமே கான்டாக்டர் காயிலைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். பொத்தானை அழுத்தியும் மோட்டார் நிற்காது. 24இல் எதிரி மின்னழுத்த இழப்புதான். தூரத்துக்கு இடை ரிலே வைத்துச் சமாளிக்கலாம்.

எதை எடுத்தாலும் ஒரு முனையை எர்த் செய்து, காயிலின் ஒரு முனையை நேராக அதோடு இணைத்து, எல்லாப் பொத்தான்களையும் கான்டாக்ட்களையும் மறுபக்கத்தில் வையுங்கள். அப்போது கம்பி எங்காவது இயந்திரத்தின் உலோக உடம்பைத் தொட்டால் ஃபியூஸ் போகும், மோட்டார் நிற்கும். எர்த் செய்யாத சுற்றில் முதல் பழுது யாருக்கும் தெரியாது. இரண்டாவது பழுது நிறுத்து பொத்தானைச் சுற்றிக்கொண்டு போய் மோட்டாரைத் தானே கிளப்பலாம்.

அவசர நிறுத்தத்துக்கு ஐஇசி 60204-1 இரண்டு வகைகளை மட்டுமே ஏற்கிறது (இவை மேலே சொன்ன ஒருங்கிணைப்பு வகைகள் அல்ல): உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் வகை 0, கட்டுப்பாட்டோடு நிறுத்திய பின் துண்டிக்கும் வகை 1. வகை 0 கேட்கக் கறாராக இருக்கிறது. கனமான விசிறியில் அது சக்கரத்தைத் தன்போக்கில் நிமிடக்கணக்கில் சுழலவிடும். டிரைவ் மூலம் இறக்கி, பிறகு டிரைவின் பாதுகாப்பு முறுக்குவிசைத் துண்டிப்பைச் செயல்படுத்தும் வகை 1, கையை மாட்டிக்கொண்டவருக்கு நல்லது. ஆனால் அந்தத் துண்டிப்பு மின்சாரத்தைப் பிரிப்பதில்லை. பராமரிப்புக்குப் பூட்டுப் போடும் ஐசலேட்டர் தனியே வேண்டும்.

விலைப்பட்டியல்களை அருகருகே வைக்கும்போது, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒருங்கிணைப்பு அட்டவணையின் எந்த வரி பயன்பட்டது என்று கேளுங்கள். பாதுகாப்புக் கருவி, கான்டாக்டர், ரிலே மூன்றின் முழு எண்ணும் எந்தக் கிலோ ஆம்பியருக்கு என்பதும் அதில் இருக்கும். தர மறுப்பவரை அதோடு விட்டுவிடலாம். கிடைத்த வரியை உதிரிபாகக் கிடங்கின் பட்டியலிலும் ஒட்டி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கான்டாக்டர் தேய்ந்து, அதே ஆம்பியரில் வேறு தயாரிப்பு கைக்கு எளிதாகக் கிடைத்தால் மாட்டிவிடத் தோன்றும். மோட்டார் வழக்கம்போல ஓடும், ஆனால் அந்தக் கிளையின் வகை 2 அன்றே போய்விடும். யுஎல் பேனல் என்றால் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணுக்கும் இனி ஆதாரம் இருக்காது.